போரட்டுக்கு உபசாரம் செய்தவர்கள்

2021இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான விருதை ‘போரட்’ இரண்டாம் பாகத்துக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரையில் அந்தப் படத்துக்காக ஒன்பது எழுத்தாளர்களின் பெயர்கள் வரிசையாக நின்றன. 2007இல் முதல் பாகமும் அதே பிரிவில் போட்டியிட்டு ‘தி டிபார்ட்டட்’ படத்திடம் தோற்றிருந்தது. இரண்டாம் பாகம் ‘தி ஃபாதர்’ படத்திடம் தோற்றது. தோற்றதில் எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. திரைக்கதைப் பிரிவுக்குள் இவை எப்படி நுழைந்தன என்பதுதான் என் கேள்வி. நாம் வயிறு வலிக்கச் சிரித்த வசனங்களில் பெரும்பகுதியை அந்த ஒன்பது பேரில் எவரும் எழுதவில்லை. அவற்றைப் பேசியவர்களுக்குத் தாங்கள் ஒரு நகைச்சுவைப் படத்தில் இருப்பதே தெரியாது.

போரட்டாக நடித்த சாஷா பேரன் கோஹனைப் புகழ்கிறவர்கள் எந்த வழியாகக் கிளம்பினாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அவர் சமூகத்தின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடிக்கிறாராம். முகம் கோணலாக இருந்தால் கண்ணாடியைக் குறை சொல்லக் கூடாதாம். பல ஆண்டுகளாக இதைக் கேட்டு வருகிறேன். ஒரு நாளும் எனக்கு இது செரித்ததில்லை.

அவருடைய திறமையைப் பற்றித் தகராறு எதுவும் இல்லை. லண்டனில் 1971இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் வரலாறு படித்து, ஃபிலிப் கோலியேயிடம் கோமாளிக் கலை கற்றவர். எதிரே இருப்பவர் கோபத்தில் எழுந்து வந்தாலும் பாத்திரத்தை விட்டு ஒரு இமைப்பொழுதுகூட வெளியே வராத உறுதி வேறு எந்த நடிகரிடமும் நான் பார்த்ததில்லை. அலி ஜி என்ற அரைகுறை இளைஞனாக அவர் அதிகாரத்தில் இருந்தவர்களைப் பேட்டி எடுத்த நாட்களில் கலை முழுக்க அவர் பக்கம் இருந்தது. ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் பூத்ரோஸ் காலியிடம் டிஸ்னிலாந்து ஐ.நா.வில் உறுப்பினரா என்று கேட்டார். ஐஸ்கிரீம் ஒழுகாமல் பிடித்துக்கொள்ள ஒரு கையுறை விற்கலாம் என்று டொனால்ட் டிரம்பிடம் வியாபாரம் பேசினார். டிரம்ப் எழுந்து போய்விட்டார். 2018இல் வந்த ‘ஹூ இஸ் அமெரிக்கா?’ தொடரில் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் காமிரா முன் இனவசைகளைக் கத்தி, பிறகு பதவி விலக நேர்ந்தது. மழலைகளுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கும் திட்டத்துக்கு இந்நாள் முன்னாள் அரசியல்வாதிகள் வரிசையில் வந்து ஆதரவு சொன்னார்கள். ஊடகத்தைக் கையாளச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்கள் ஏமாந்தால் அது அவர்கள் பாடு. அவர்களுக்காக நான் கண்ணீர் விடப் போவதில்லை.

ஆனால் பேரன் கோஹனை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது இந்தப் பேட்டிகள் அல்ல, 2006இல் வந்த ‘போரட்’. கசாக்ஸ்தான் தொலைக்காட்சி நிருபராக அமெரிக்காவைச் சுற்றிவரும் அந்த மனிதர் சந்திப்பவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள்.

அந்தப் படத்தின் தென்மாநில விருந்துக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். போரட் மேசை மரியாதை கற்க வருகிறார். நல்ல உடை உடுத்திய வெள்ளைக்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். இடையில் கழிப்பறைக்குப் போனவர் ஒரு பையில் மலத்தோடு மேசைக்குத் திரும்புகிறார், இதை எங்கே போடுவது என்று கேட்டபடி. யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. வீட்டுப் பெண்மணி அவரை மாடிக்கு அழைத்துப் போய், நம் ஊரில் இதை இப்படிச் செய்வோம் என்று ஒரு குழந்தைக்குச் சொல்வதைப் போல முகம் சுளிக்காமல் விளக்குகிறார். பிறகு போரட் அழைத்த விருந்தாளியாக, பாலியல் தொழிலாளி வேடத்தில் ஒரு கறுப்பினப் பெண் உள்ளே வருகிறார். அவர் தொழில்முறை நடிகை. சற்று நேரத்தில் விருந்து கலைகிறது. வெட்டும் ஒட்டும் சொல்வது என்ன? மலத்தைச் சகித்தவர்கள் கறுப்புத் தோலைச் சகிக்கவில்லை. கூர்மையான முடிச்சு, ஒப்புக்கொள்கிறேன். அந்த மேசையில் இனவெறி இருந்திருக்கலாம். ஆனால் எழுந்து போனது தோலின் நிறத்தாலா, அழையாமல் வந்ததாலா, உடையாலா, இத்தனை நேரம் பட்டபாட்டாலா என்று பிரித்தறிய வழியில்லாதபடி காட்சி கட்டப்பட்டிருக்கிறது. எனக்கு அந்த மாடிப்படிதான் மறக்கவில்லை. படம் முழுவதிலும் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டவர்களில் அந்த வீட்டுப் பெண்மணி ஒருவர். அரங்கமே சிரிப்பது அவரைப் பார்த்துத்தான்.

பேரன் கோஹனின் வித்தை எதன்மேல் நிற்கிறது என்பது அங்கே தெரிகிறது. எதிராளியின் துவேஷத்தின்மேல் அல்ல, உபசாரத்தின்மேல். ஆங்கிலம் தடுமாறும், வழக்கம் தெரியாத, தூர தேசத்திலிருந்து வந்த அந்நியன். அவன் ஏதோ அசட்டுத்தனமாகப் பேசினால் நல்லவர்கள் என்ன செய்வார்கள்? அவன் மனம் புண்படாமல் தலையாட்டுவார்கள். பேச்சை மாற்றுவார்கள். சிரித்து வைப்பார்கள். அந்தத் தலையாட்டலை எடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுதான் இந்தப் படங்களின் தொழில்நுட்பம்.

இதற்கு அவர் ஒரு தத்துவமும் வைத்திருக்கிறார். அரிசோனாவில் டூசான் நகரத்து மதுக்கடை ஒன்றில், யூதர்களைக் கிணற்றில் தள்ளச் சொல்லும் ஒரு பாட்டைப் போரட் பாட, இருந்தவர்கள் கூடச் சேர்ந்து பாடினார்கள். யூத அவதூறு எதிர்ப்பு அமைப்பின் மேடையில் 2019இல் பேசியபோது அதை நினைவூட்டிய அவர், அந்தக் காட்சி காட்டியது யூத வெறுப்பைப் பற்றிய அலட்சியத்தை என்றார். மாணவப் பருவத்தில் படித்த வரலாற்றாசிரியர் இயன் கெர்ஷாவிடமிருந்து எடுத்தது இது: நாஜிக் கொடுமைக்குப் பாதை போட்டது பொதுஜனத்தின் அலட்சியம் என்பது. கெர்ஷா ஒரு தேசத்தின் பன்னிரண்டு ஆண்டுகளை ஆவணம் ஆவணமாக ஆராய்ந்து அங்கே போய்ச் சேர்ந்தவர். இங்கே ஆதாரம் கித்தார் பிடித்த ஒரு கோமாளிக்கு மதுக்கடையில் கிடைத்த கைதட்டல். அலட்சியம் என்ற குற்றச்சாட்டின் வசதி என்னவென்றால் அதற்கு ஆதாரமே தேவையில்லை. பேசாதிருந்தாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம், தாளம் போட்டாலும் குற்றம். குடித்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் பாட்டின் சொற்களைக் கவனித்தார்கள், எத்தனை பேர் முகம் திருப்பினார்கள் என்பதெல்லாம் எடிட்டிங் மேசையில் தங்கிவிட்டது. கண்ணாடி எதையும் வெட்டாது. இவர் வெட்டுகிறார். பிறகும் அதற்குக் கண்ணாடி என்று பெயர்.

முதல் படத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு மனிதரையும் நினைத்துப் பாருங்கள். பெண்களைப் பற்றிப் போரட் கண்டபடி பேச, அவர் தடுத்து, யாரோடு உறவு கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இங்கே பெண்ணுக்கு உண்டு என்று பொறுமையாகச் சொல்கிறார். கண்ணாடியில் அழகாகத் தெரிந்த முகம். ஆனால் போரட்டைப் பற்றி எழுதும்போது இவரை உதாரணம் காட்டுகிறவர்கள் அபூர்வம். படத்துக்கு எதிராக வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். 2008இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் அவருடைய வழக்கையும், விருந்துக்காரர்களின் வழக்கையும் சேர்த்துத் தள்ளுபடி செய்தது. ஆவணப்படப் பாணிப் படம் என்று சொன்ன ஒரு ஒப்புதல் படிவத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சட்டப்படி சரி. ரசிகர்களும் அங்கேயே நின்றுகொள்கிறார்கள், கையெழுத்து இருக்கிறதே என்று. கலையைத் தற்காக்க வக்கீலின் வாதம் போதும் என்று எப்போது முடிவானது?

அமெரிக்கர்களையாவது விட்டுவிடலாம், அவர்களுக்கு வக்கீல்கள் கிடைக்கிறார்கள். படத்தில் போரட்டின் சொந்த ஊராகக் காட்டப்படுவது கசாக்ஸ்தான் அல்ல, ருமேனியாவில் ரோமா மக்கள் வாழும் க்ளோட் என்ற ஏழைக் கிராமம். அங்கே உண்மையாக வாழும் மனிதர்களைக் காட்டி, இவன் ஊரின் கற்பழிப்பாளன், இவள் தேசத்தின் முன்னணி விலைமாது என்று போரட் அறிமுகம் செய்கிறார். தங்கள் வறுமையைப் பற்றிய ஆவணப்படம் என்று நம்பித்தான் நின்றோம், கையில் கிடைத்ததும் சொற்பம் என்று அந்த ஊர்க்காரர்கள் பிறகு முறையிட்டார்கள். தயாரிப்பு நிறுவனம் அதை மறுத்தது. அவர்கள் அமெரிக்காவில் போட்ட 3 கோடி டாலர் வழக்கு நிற்கவில்லை. இங்கே எந்தத் துவேஷம் அம்பலமாயிற்று? யாருடைய பாசாங்கு கிழிந்தது? அமெரிக்கர்களின் அறியாமையைக் கேலி செய்யவே கற்பனையான கசாக்ஸ்தான் என்பார்கள். கற்பனை தேசத்தில் நின்றவர்கள் கற்பனை மனிதர்கள் இல்லை.

2009இல் வந்த ‘ப்ரூனோ’ இன்னும் ஒரு படி இறங்கியது. பெத்லகேம் அருகே பெய்த் சாஹூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாலஸ்தீனரைப் பேட்டி என்று உட்காரவைத்து, திரையில் பயங்கரவாதக் குழுத் தலைவர் என்று எழுத்துப் போட்டார்கள். அந்த அமைப்போடு தனக்குத் தொடர்பே இல்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2012இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. திரைக்கதைக்காரர்கள் உண்மையிலேயே தாங்களே எழுதிய வரி என்று உரிமை கொண்டாடத்தக்கது அந்த எழுத்து.

ஏமாற்றுவதில் தவறொன்றுமில்லை என்று பேரன் கோஹனே நினைக்கவில்லை என்பதற்கு இரண்டாம் பாகத்தில் ஆதாரம் கிடைக்கிறது. யூத வெறுப்புச் சித்திரங்கள் எல்லாவற்றையும் உடம்பில் மாட்டிக்கொண்டு போரட் ஒரு யூத ஆலயத்துக்குள் நுழைகிறார். யூத இனப்படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த மூதாட்டி ஒருவர் அவரை வெறுக்காமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார். படப்பிடிப்பு முடிந்ததும் அந்த மூதாட்டிக்கு உண்மை சொல்லப்பட்டது என்று படக்குழு அறிவித்தது. அவர் பட்ட துன்பத்துக்கு மரியாதையாக. மிகச் சரி. அப்படியென்றால் அதே படத்தில் வரும் ஓக்லஹோமா பெண்ணுக்கு ஏன் சொல்லவில்லை? போரட்டின் மகளாக மரியா பகலோவா நடிக்க, அவளை உண்மையாகவே கொடுமைக்குள்ளான பெண் என்று நம்பி, உனக்கும் மூளை இருக்கிறது, படி, யாருக்கும் அடிமையாகாதே என்ற தோரணையில் அந்த வயதான கறுப்பினப் பெண் புத்தி சொன்னார். அந்த மகளுக்கு என்ன ஆயிற்றோ என்று கவலைப்பட்டும் இருந்திருக்கிறார். படம் வெளியான பிறகுதான் விஷயம் தெரிந்தது. பேரன் கோஹன் அவருடைய சமூகத்துக்கு 1 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தார். படத்தின் மனசாட்சி என்று விமர்சகர்கள் அந்தப் பெண்ணைக் கொண்டாடினார்கள். மனசாட்சியிடம் மட்டும் பொய்.

அரிசோனாவின் கிங்மன் நகரத்தை எனக்கு எதிராகக் காட்டுவார்கள். அங்கே பிரம்மாண்டமான மசூதி வரப்போகிறது என்று ‘ஹூ இஸ் அமெரிக்கா?’ தொடரில் ஒரு கூட்டத்தில் அறிவித்தபோது, உட்கார்ந்திருந்தவர்கள் வெளிப்படையாக முஸ்லிம் வெறுப்பைக் கக்கினார்கள். உண்மைதான், அங்கே உபசாரம் இல்லை, வெறுப்புதான். ஆனால் அமெரிக்கச் சிற்றூர்களில் முஸ்லிம் வெறுப்பு இருக்கிறது என்பதைப் பொய்யான திட்டம் போட்டு, ஆள் பிடித்து, ஒளித்துக் கண்டுபிடிக்க வேண்டுமா? அவர்கள் அதைத் தேர்தல் மேடைகளில் ஒலிபெருக்கி வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொய்ச் செய்தியால் சமூக ஊடகங்கள் சமூகத்தைக் கெடுக்கின்றன என்று ஃபேஸ்புக்கைக் கண்டித்து 2019இல் அத்தனை உருக்கமாகப் பேசியவர், மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்ட அவர்களிடம் பொய்ச் செய்தி கொண்டுபோவதில் முரணே காணவில்லை.

வேறொருவர் எழுதிய பாத்திரத்தில் அவர் எவ்வளவு நல்ல நடிகர் என்பதை ‘தி டிரையல் ஆஃப் தி சிகாகோ 7’ படத்தின் ஏபி ஹாஃப்மனில் பார்க்கலாம். நகைச்சுவையை முழுக்க எழுதி, எல்லோருக்கும் சம்பளம் கொடுத்து நடிக்கவைத்து அவர் செய்த படங்களும் இருக்கின்றன: 2012இன் ‘தி டிக்டேட்டர்’, 2016இன் ‘கிரிம்ஸ்பி’. முன்னது சுமார், பின்னது அதுவும் இல்லை. அதே எழுத்துக்காரர்தான், அதே உடல், அதே துணிச்சல். அந்தப் படங்களில் மாடிக்கு அழைத்துப் போய் விளக்க ஒருவரும் இல்லை.