பதிவேடும் படகும்

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் எல்லைக்குள் வசிக்கும் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவு செய்து வைத்து, அபாயம் நெருங்கும்போது அவர்களுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டுமென்பது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு விதிக்கும் கடமை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர் அடையாற்றில் பெருக்கெடுத்துக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்ததைக் கண்ட சென்னைவாசிகளுக்கு இதன் நியாயத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. எந்த வீட்டில் யார் எழுந்திருக்க இயலாமல் கிடக்கிறார் என்று அறியாமல் புறப்படும் படகு, மொட்டைமாடியில் நின்று கூவுகிறவரிடந்தானே முதலில் போகும்?

ஆகவே பதிவேடு அவசியமே. ஆனால் அதுவே போதுமென்று திருப்தியடைவதில்தான் விபரீதம் இருக்கிறது. தரமணியை அடுத்த கல்லுக்குட்டை போன்ற தாழ்ந்த பகுதிகளில், வாடகை உயர உயர வீடு மாறிக்கொண்டிருக்கும் குடும்பங்களின் விலாசம் பதிவேட்டில் ஒன்றாகவும் வாழ்க்கையில் வேறாகவும் இருக்கும். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வரும் எச்சரிக்கை காது கேளாதவருக்கு எட்டாது. கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியோ, அதை வாசித்துச் சொல்லும் வசதியில்லாத பார்வையற்றவருக்குப் பிரயோஜனப்படாது. ஆளை ஏற்றிக்கொண்டு சக்கர நாற்காலியை வெள்ளத்திலேயே விட்டுச் செல்லும் படகு அவரைக் கரை சேர்க்கிறது, வாஸ்தவம். ஆனால் படியேறிப் புக வேண்டிய பள்ளிக்கூட முகாமில், கழிவறைக்குப் போகவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலையில் அவரை இறக்கிவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மூலகாரணம், மாற்றுத்திறனாளிகளைக் காப்பாற்றப்பட வேண்டியவர்களாக மட்டும் எண்ணி, யோசனை சொல்லத்தக்கவர்களாக எண்ணாததே. யோசனை கேட்கத் தூரம் போக வேண்டியதில்லை; தரமணியிலேயே, மூளை முடக்குவாதமுள்ளவர்களுக்காக இயங்கும் தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் இருக்கிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தையைத் தூக்கும்போது தலையை எங்கே தாங்குவது, எந்தச் சத்தத்துக்கு அதன் உடல் விறைத்துக்கொள்ளும், எத்தனை வேளை மருந்தைப் பையில் எடுத்துவைப்பது என்பவற்றை அத்தகைய குழந்தையை வளர்க்கும் தாய் அறிவாள். மீட்புப் படையின் பயிற்சி எவ்வளவு சிறந்ததாயினும் அந்த ஞானம் அதில் கிடைப்பதரிது. திட்டமிடுவதிலேயே மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டுமென்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருந்தும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் சூழ்ந்தபோது, மின்சாரமும் மின்தூக்கியும் நின்ற மாடி வீடுகளில் நடக்க இயலாதவர் பலருக்குத் துணை அக்கம்பக்கத்தாரே.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் கால்வாய் தூர்வாரும் அதிகாரிகள், அதே சமயத்தில் வார்டுதோறும் மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுடைய தாய்மார்களையும் அழைத்து, ஆளோடு நாற்காலியையும் படகில் ஏற்றி ஒத்திகை பார்க்கட்டும். பதிவேட்டை அவர்கள் கையாலேயே திருத்தச் சொல்லட்டும்.