டபுள் எக்ஸ்எல் ஸ்டேடியம்

நம் ஊரில் ஸ்டேடியம் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு நம்பரில்தான் ஆரம்பிக்கும். முப்பதாயிரம் பேர் உட்காரலாம், ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம், தென்னிந்தியாவிலேயே பெரிசு! அந்த ஐம்பதாயிரம் பேர் எங்கிருந்து வருவார்கள், வருஷத்தில் எத்தனை நாள் வருவார்கள், மாட்ச் முடிந்ததும் எந்த வழியாக வீட்டுக்குப் போவார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டைக் கேட்ட மாதிரி முறைப்பார்கள்.

திருப்பூர் காதர்பேட்டையிலும் இந்தப் பேச்சு அடிபட்டது. தெரியாதவர்களுக்காக: ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற பனியன் மார்க்கெட் இது. எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியது, செகண்ட்ஸ், ஸ்டாக் லாட் எல்லாம் இங்கேதான் கை மாறும். உலகக் கோப்பை வருஷம் வந்தால் கடைக்குக் கடை அர்ஜென்டினாவும் பிரேசிலும் தொங்கும். கேரளாவிலிருந்து வந்து மூட்டை மூட்டையாக அள்ளிப் போவார்கள். 2022-லும் அப்படித்தான்.

ஜெர்சி விற்கிற கடைக்காரர் ஒருவர் கேட்டார்: "ஏனுங் சார், கொச்சில இருக்குது, கோயமுத்தூர்ல இருக்குது. உலகத்துக்கே துணி தைக்கற ஊரு, நாப்பதாயிரம் பேரு உக்கார்ற மாதிரி நமக்கொரு ஃபுட்பால் ஸ்டேடியம் வேண்டாமுங்களா?"

"அண்ணா, இந்த ஜெர்சில டபுள் எக்ஸ்எல் மட்டும் நாப்பதாயிரம் பீஸ் அடிச்சு வெப்பீங்களா?" என்றேன்.

"அதெப்படிங்க? டெட் ஸ்டாக் ஆயிருமே. எம்மும் எல்லும்தான் ஓடும். ரேஷியோ பார்த்துத்தான் கட்டிங் போடோணும்ங்க."

அவ்வளவுதான் விஷயம். பனியனுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு ஸ்டேடியத்துக்கு மட்டும் மறந்துபோகிறது.

பெரிசாகக் கட்டுவதே தப்பு என்று சொல்லவில்லை. கொல்கத்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980 ஆகஸ்ட் 16-ம் தேதி ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால் – மோகன் பகான் மாட்ச். கேலரியில் தகராறு முற்றி, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். கால்பந்துக்கென்று தனி ஸ்டேடியம் வேண்டும் என்ற குரலுக்கு அதன் பிறகு வலு கூடியது. 1984-ல் சால்ட் லேக் ஸ்டேடியம் திறந்தார்கள். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கொள்ளளவு. அதற்கான கூட்டமும் அங்கே இருந்தது. 1997-ல் இதே இரண்டு அணிகளும் மோதிய ஃபெடரேஷன் கப் அரையிறுதிக்கு 1,31,781 பேர் வந்தார்கள்.

ஆனால் அப்படி ஒரு கூட்டம் தினமும் வருமா? பிறகு அந்த ஸ்டேடியத்தையே சுருக்கினார்கள். பெஞ்சை எடுத்துவிட்டு ஆளுக்கொரு நாற்காலி போட்டார்கள். 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஃபைனல் அங்கேதான் நடந்தது. அன்று வந்தவர்கள் 66,684 பேர். பழைய கொள்ளளவில் பாதியைவிடக் கொஞ்சம் கூட.

கொச்சி கதை இன்னும் சுவாரஸ்யம். கலூர் ஸ்டேடியம் 1996-ல் வந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் ஆரம்ப வருஷங்களில் அறுபதாயிரம் பேர் வரை அடைத்துக்கொண்டு பார்த்த இடம். அதே 2017 போட்டிக்காக ஃபிஃபா ஆட்கள் பாதுகாப்புக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது சுமார் 29,000 பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது. மீதி இடம் இருந்தது, ஆபத்தில்லாமல் வெளியே போக வழிதான் இல்லை. கேலரிக்கு அடியில் இருந்த கடைகளைக் காலி செய்யச் சொல்லி, அது கோர்ட்டுக்குப் போனது தனிக் கதை.

உட்கார வைப்பது சுலபம். எழுந்து போக வைப்பதுதான் டிசைன். பிரிட்டனில் ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் கையில் வைத்திருக்கிற வழிகாட்டிப் புத்தகம், மொத்தக் கூட்டமும் அதிகபட்சம் எட்டு நிமிஷத்துக்குள் கேலரியைவிட்டு வெளியேற வேண்டும் என்கிறது. எத்தனை வாசல், எவ்வளவு அகலம் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கு எத்தனை சீட் தாங்கும் என்று பிறகு பார்ப்பார்கள். நாம் சீட்டை எண்ணிவிட்டு வாசலுக்கு இடம் தேடுகிறோம். 2025 ஜூன் 4-ம் தேதி பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 11 பேர் செத்துப்போனது மாட்ச் பார்க்கும்போது அல்ல. வாசலுக்கு வெளியே, உள்ளே நுழைவதற்கு முண்டியடித்தபோது.

இன்னொரு வியாதி, ஓட்டப் பாதை. கால்பந்து மைதானத்தைச் சுற்றி 400 மீட்டர் டிராக் போட்டு, அதைச் சுற்றி கேலரி கட்டுவது நம் வழக்கம். ஒரே செலவில் ரெண்டு வேலை என்று நினைப்பு. கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். எட்டு லேன் டிராக்கை அதன் மேல் வரைந்து பாருங்கள். கோல் கம்பத்துக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் முதல் வரிசைக்கும் நடுவே குறைந்தது 35 மீட்டர் போய்விடும். முதல் வரிசைக்கே இந்தக் கதி என்றால் கடைசி வரிசைக்காரர் பைனாகுலர் கொண்டுவர வேண்டியதுதான்.

கோவை நேரு ஸ்டேடியம் இந்த ஜாதி. 2019 மார்ச் 9-ம் தேதி அங்கே சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்டில் முந்தி, ஐ-லீக் பட்டத்தை வாங்கியது. பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல். பேர் சென்னை, வீடு கோவை, ஆட்டம் அபாரம். ஆனால் கொங்கு நாட்டு ரசிகன் அந்த ஆட்டத்தை டிராக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் பார்த்தான். அந்த அணியும் 2021-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. அதற்கு டிராக்தான் காரணம் என்று சொன்னால் அபத்தம். ஆனால் ஒன்று சொல்லலாம். அணிகள் வரும், போகும். சிமென்ட் போகாது. ஒரு சீசனில் சொந்த ஊரில் பத்து மாட்ச். மீதி 355 நாளுக்குத் தேய்மானமும் பராமரிப்பும் யார் கணக்கில் எழுதுவது? பி.காம். படித்த புத்தி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

இத்தாலிக்காரர்கள் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். டுரின் நகரத்தில் 1990 உலகக் கோப்பைக்காக டெல்லே ஆல்பி என்று டிராக்கோடு ஒரு பிரம்மாண்டம் கட்டினார்கள். சுமார் 69,000 சீட். யுவென்டஸ் மாதிரி ஒரு அணி ஆடியும் நிரம்பவில்லை. 2001-ல் ஒரு கோப்பை ஆட்டத்துக்கு வந்தவர்கள் 237 பேர்! (நம் ஊர் சீமந்தத்துக்கே இதைவிட அதிகம் வருவார்கள்.) கடைசியில் இடித்துவிட்டு, 2011-ல் அதே இடத்தில் 41,000 சீட்டோடு, டிராக் இல்லாமல், ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே கேலரி வைத்துக் கட்டினார்கள். அதற்கப்புறம் கூட்டம் வர ஆரம்பித்தது.

'அப்போ ஓடுகிற பிள்ளைகள் எங்கே போவார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓடுகிறவர்களுக்கு தினமும் காலையும் மாலையும் திறந்திருக்கிற டிராக் வேண்டும். முப்பதாயிரம் சீட் கேலரி வேண்டாம். தனியாக ஒரு டிராக், பக்கத்தில் ஒரு சின்ன கேலரி, போதும்.

சரி, திருப்பூருக்கு என்ன சைஸ்?

முதலில் யார் வருவார்கள் என்று பார்ப்போம். இந்த ஊருக்குக் கால்பந்து அந்நியம் இல்லை. மலையாளிகள் இருக்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பையன்கள் வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார்கள். காதர்பேட்டைக்குச் சரக்கெடுக்க நைஜீரியர்கள் வந்து தங்கிய காலமும் உண்டு. இவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. ஷிப்மென்ட் அவசரம் என்றால் அந்த ஞாயிறும் போச்சு. அந்த அரை நாளில் அவர்கள் வந்து உட்காரத்தான் இந்த ஸ்டேடியம்.

அவர்களுக்கு நாற்பதாயிரம் சீட் வேண்டாம். எட்டாயிரம் போதும். நீளவாக்கில் இரண்டு பக்கமும் கேலரி. மேற்குப் பக்கக் கேலரிக்கு முதலில் கூரை. முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே ஆறிலிருந்து ஒன்பது சென்டிமீட்டராவது பார்வை தாண்டுகிற மாதிரி படிகள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக விளக்கு. பனியன் கம்பெனிகளில் பாதிக் கூட்டம் பெண்கள்தானே, அவர்களுக்குப் போதுமான டாய்லெட். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற இடம்.

இரண்டு கோல்களுக்குப் பின்னாலும் நிலத்தைக் காலியாக விட்டுவைக்கலாம். கூட்டம் பெருகினால் பிறகு கட்டிக்கொள்ளலாம். 2022 உலகக் கோப்பைக்கு கத்தாரில் கன்டெய்னர்களை அடுக்கி, கழற்றி எடுக்கிற மாதிரியே 974 என்று ஒரு ஸ்டேடியம் கட்டினார்கள். நம் பனியன் கப்பல் ஏறுகிற மாதிரியான கன்டெய்னர்தான். ஏற்றவும் இறக்கவும் முடியும் என்ற புத்தியைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னது என்றால் சவுக்குக் கட்டை கட்டி ஏற்றிவிடலாம் என்று அர்த்தமில்லை. 2022 மார்ச்சில் மலப்புரம் பக்கம் செவன்ஸ் ஆட்டத்தில் தற்காலிக கேலரி சரிந்து சுமார் 200 பேர் காயம்பட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பெரிய ஸ்டேடியம் வருகிற இடம் பெரும்பாலும் ஏற்கெனவே பசங்கள் ஆடிக்கொண்டிருக்கிற மைதானமாகத்தான் இருக்கும். கட்டி முடித்ததும் கேட்டில் வாட்ச்மேன் வந்துவிடுவார். இயற்கைப் புல்லில் நாள் முழுக்க ஆடவும் முடியாது. புல்லுக்கும் ஓய்வு வேண்டும். ஆக, ஆடிக்கொண்டிருந்தவன் வெளியே, பூட்டின கேலரி உள்ளே. வெளியே போனவன் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து டர்ஃபில் ஆட வேண்டும். பீஸ் ரேட்டில் சம்பாதிக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகுமா?

அதனால் பிளானில் முதல் கோடு கேலரிக்குப் போடக் கூடாது. பக்கத்திலேயே பூட்டு இல்லாத இரண்டாவது மைதானத்துக்குப் போடுங்கள். அது இருந்தால் கேலரி ஐயாயிரமோ எட்டாயிரமோ, எனக்குக் கவலையில்லை. அது இல்லாமல் நாற்பதாயிரம் சீட் காட்டினால் அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள். சைஸ் தப்பாக வந்த சாம்பிளை பையர் திருப்பி அனுப்புவதில்லையா? திருப்பூருக்கு இது புதுசில்லை.