யார் பக்கம் நிற்கிறது பேப்பர்?
மலேசியத் தமிழ் இதழ்களின் கருத்தெழுத்து மரபுகள்

மலாயாவில் தமிழ்ப் பத்திரிகை பிறந்த நாளிலிருந்து பக்கம் சாயாத பத்திரிகை ஒன்றுகூட இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1887இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ நடத்தத் தொடங்கிய காலம் முதல், இந்த மண்ணில் தமிழில் அச்சுக் கோத்தவர்களில் பலர் ஏதோ ஒன்றுக்காக வழக்காட வந்தவர்கள். மதத்துக்காக, சீர்திருத்தத்துக்காக, மொழிக்காக, சங்கத்துக்காக, கட்சிக்காக. செய்தி அந்த வழக்குக்குச் சாட்சியாக வந்தது. எனவே ‘இந்தப் பேப்பர் நடுநிலையா?’ என்ற கேள்வியை நம் மரபில் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது. சாய்வை மறைத்தார்களா, சொல்லிவிட்டுச் சாய்ந்தார்களா, அதனால் பலன் பெற்றவர் யார் என்று கேட்டால்தான் ஏதாவது தேறும்.

கேமரன் மலையின் கம்போங் ராஜா மலரில் தேயிலையை விட்டுவிட்டுப் பத்திரிகையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். சிம்பாங் பூலாய்ச் சாலை வருவதற்கு முன், தாப்பாவில் மலையேறி, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் எல்லாம் தாண்டிக் கடைசியாக வரும் ஊர் நம்முடையது. இங்கே வந்து சேர்ந்த பேப்பர் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்ததாக இருக்காது. எழுத்துத் தெரிந்தவர் ஒருவர் உரக்கப் படிப்பார். லயத்து வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்பார்கள். ஆசிரியர் எழுதிய தொனி ஒன்று, படித்துச் சொன்னவர் ஏற்றிய தொனி இன்னொன்று. தலையங்கத்தில் இல்லாத கோபம் வாசலில் சேர்ந்துகொண்டதும் உண்டு. இருந்த நையாண்டி வாசலுக்கு வருவதற்குள் காணாமல் போனதும் உண்டு. பத்திரிகையை அலசிப் படிக்கும் பழக்கம் தோட்டத்துக்காரனுக்குப் புதிதில்லை. அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் பெரிய பிளவு 1929இல் வந்தது. அதற்கு ஐந்தாண்டு முன், 1924இல், கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் ‘தமிழ் நேச’னைத் தொடங்கியிருந்தார். 1929இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘முன்னேற்றம்’ இதழோடு களத்துக்கு வந்தார். ஈரோட்டில் 1925 முதல் வந்துகொண்டிருந்த ‘குடி அரசு’ ஏட்டின் காற்று கடல் தாண்டி வீசிய காலம் அது. அந்த ஆண்டுக் கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வருகிறார் என்றதும் நேசன் எதிர்த்தது, முன்னேற்றம் வரவேற்றது. சுயமரியாதைப் பிரசாரம் இங்குள்ள இந்தியர்களைப் பிளந்துவிடும் என்பது எதிர்த்தவர்கள் வாதம். ஏற்கெனவே சாதியால் பிளந்து கிடப்பவர்களை யார் புதிதாகப் பிளப்பது என்பது வரவேற்றவர்கள் பதில். இரண்டு தரப்பும் முழுக்க முழுக்கச் சார்புதான். ஆனால் கையில் பிடித்ததுமே எந்தத் தரப்பின் ஏடு என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும். ஏமாந்தேன் என்று யாரும் சொல்ல வழியில்லை. இதை நான் நேர்மையான சார்பு என்பேன்.

சாரங்கபாணி மரபு அங்கிருந்து வளர்ந்தது. 1935இல் ‘தமிழ் முரசு’, விலை ஒரு காசு. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் ஏடாகத் தொடங்கி, பிறகு அவருடைய வாழ்க்கையாகவே ஆகிவிட்ட பத்திரிகை. அதன் நோக்கம் எப்படி வேலை செய்தது என்பதற்கு 1950களின் பல்கலைக்கழக விவகாரம் ஒன்று போதும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்குவதற்கு யோசனை சொல்ல வந்த அறிஞர் நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும்படி பரிந்துரைத்தார். இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர் என்றிருக்க இது என்ன நியாயம் என்று முரசு கிளம்பியது. அத்தோடு நிற்கவில்லை. ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியது. தோட்டத்தில் வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு அமைந்தது. அந்தப் பணம் அதன் தமிழ் நூலகத்துக்குப் போனது. குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தையும் நச்சரித்ததும் அதே பத்திரிகை. சாரங்கபாணியின் தலையங்கங்களில் அழகு குறைவு என்று குறைப்படுபவர்கள் உண்டு. இருக்கட்டும். படித்து முடித்ததும் ‘நான் என்ன செய்ய வேண்டும்?’ என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கும். தமிழ்க் கருத்தெழுத்தில் இது அபூர்வம். நம்மிடம் பெரும்பாலும் ‘சிந்திக்க வேண்டும்’ என்று முடியும். யார் சிந்திப்பது, எப்போது, எதற்கு என்று இருக்காது.

நேசனின் கதை இன்னும் சுவையானது. ஐயங்கார் தொடங்கி, பெரியார் வருகையை எதிர்த்த அதே ஏட்டின் ஆசிரியர் நாற்காலியில் பின்னாளில் முருகு சுப்பிரமணியன் உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் ‘பொன்னி’ இதழ் நடத்தி, பாரதிதாசன் பரம்பரை என்று ஒரு கவிஞர் வரிசையையே நாட்டுக்குக் காட்டியவர். முரசில் வேலை பார்த்துவிட்டு நேசனுக்கு வந்தவர். தலைப்பெழுத்து அதே எழுத்து, உள்ளே வேறு பத்திரிகை. ‘நேசன் இப்படித்தான் எழுதும்’ என்று பெயரை வைத்துச் சாய்வைக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள். 1950களின் தொடக்கத்தில் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். கதை அனுப்பியவனின் குறையை அச்சிலேயே எடுத்துச் சொல்வதும் கருத்தெழுத்துதான். அந்தத் தொனியில் கண்டிப்பு இருந்தது, இழிவு இல்லை. பிறகு வந்த பல விமர்சகர்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

சங்க மரபு தனி. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. அதன் ஏடு ‘சங்கமணி’. சம்பளம், போனஸ், வேலைநீக்கம், மருத்துவம் என்று தொழிலாளி கணக்கில் பேசிய பத்திரிகை. நோக்கம் முகப்பிலேயே இருந்தது. குறையும் அதிலேயே இருந்தது: சங்கத் தலைமையின் தவறைச் சங்கத்தின் ஏட்டிலேயே தேட முடியுமா? முதலாளி பக்கம் நியாயம் ஏதும் இருந்தால் அது அங்கே வரவும் வராது. இருந்தாலும் கங்காணிக்குப் பயந்து வாழ்ந்தவனுக்கு, தன் சம்பளத்தைப் பற்றி அச்சில் ஒரு வரி வந்ததே பெரிய தைரியம்.

1980களுக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைய நம் பத்திரிகை மொழி அந்தப் பட்டறையில் அடித்தது. 1979இல் சாமிவேலு மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவரானார். ‘தமிழ் நேசன்’ அவர் குடும்பத்தின் கையில் இருந்தது. ஆதி குமணன் ஆசிரியராக இருந்த ‘தமிழ் ஓசை’ எதிர்முகாமின் குரல் என்று பெயர் வாங்கியது. பிறகு வந்த ‘மக்கள் ஓசை’ துணைத் தலைவர் சுப்பிரமணியம் தரப்பு ஏடாகவே பேசப்பட்டது. கட்சிக்குள் இரண்டு அணி, கடையில் இரண்டு பேப்பர். எந்தப் பேப்பரைக் கையில் வைத்திருக்கிறான் என்று பார்த்தே ஆளை எடைபோட்ட காலம். ஆதி குமணனின் எழுத்தில் வேகம் இருந்தது, வாசகனோடு நேரே பேசும் நெருக்கம் இருந்தது. அவருடைய கேள்வி பதிலுக்காகவே ஞாயிறு பேப்பர் வாங்கியவர்கள் நம் மலையிலும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பத்தாண்டுச் சண்டையில் தோட்டத்துக்காரனுக்கு என்ன மிச்சம் என்று கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கால அணி எழுத்தை எப்படிப் படிப்பது? முதலில் வினையைச் செய்தவன் யார் என்று தேட வேண்டும். ‘பொறுப்பற்ற சில தரப்பினர்’ என்று வந்தால் ஆளைத் தெரியும், பெயரைச் சொல்ல மாட்டேன் என்று பொருள். ‘சமுதாயம் கொந்தளிக்கிறது’ என்று வந்தால் அந்தக் கொந்தளிப்பில் எழுதியவரைத் தவிர யாராவது ஒருவர் பெயரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அடுத்து, எதிராளியின் பேச்சு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பது. அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லாமல் அவருக்கு மறுப்பு மட்டும் மூன்று பத்தி போனால், எழுதியவருக்கு வாசகன்மேல் நம்பிக்கை இல்லை. மூன்றாவதாக, தலையங்கத்தை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கக் கூடாது. அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும். தலைவருக்கு முழுப்பக்கப் பிறந்தநாள் வாழ்த்து, கீழே வாழ்த்துகிறவர்களின் படங்கள், கோயில் திருவிழாவில் அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிரமுகர் வரிசை. தலையங்கம் ஏன் அன்று அவ்வளவு மென்மையாக இருந்தது என்பதற்குச் சில நாள் விளக்கம் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

தொனியைச் சட்டமும் செதுக்கியது. 1984 அச்சகச் சட்டப்படி ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது; 2012இல்தான் அந்த ஆண்டுக் கணக்கு நீங்கியது. 2007 ஆகஸ்டில் இயேசுநாதரின் கையில் சிகரெட் இருப்பதாக ஒரு படம் வெளியிட்டதற்காக மக்கள் ஓசை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. 2008இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க முதலில் மறுத்து, பிறகு கொடுத்தார்கள். இந்தக் கத்தி தலைக்குமேல் தொங்கும்போது ஆசிரியர் என்ன செய்வார்? கோபத்தையெல்லாம் உள்வீட்டுக்குள் செலவழிப்பார். நம் பத்திரிகைகளில் சக தமிழ்த் தலைவர்மேல் வந்த காரத்தில் பத்தில் ஒரு பங்கு கொள்கை வகுத்தவர்கள்மேல் வந்ததில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அச்சு இயந்திரத்தின் கடனையும் சம்பளப் பட்டியலையும் வைத்துக்கொண்டிருந்தவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

இந்தக் கட்சிக் கூச்சலுக்கு வெளியே வேறு குரல்கள் இல்லாமல் இல்லை. 1977இல் வந்த ‘வானம்பாடி’ வார இதழ் புதுக்கவிதைக்காக மரபுக்காரர்களோடு மல்லுக்கு நின்றது. இன்று நினைத்தால் எவ்வளவு ஆரோக்கியமான சண்டை! ‘செம்பருத்தி’ மாத இதழ் மனித உரிமையைத் தன் கட்சியாக எடுத்துக்கொண்டது. ம. நவீனும் நண்பர்களும் நடத்தும் ‘வல்லினம்’ இலக்கிய மதிப்பீட்டில் தாட்சண்யம் பார்ப்பதில்லை. அதன் தொனி பலரைச் சுட்டிருக்கிறது, எனக்கும் சில இடங்களில் உடன்பாடில்லை. ஆனால் நூலைப் படித்துவிட்டு எழுதுகிறார்கள். வெளியீட்டு விழாவில் மாலை வாங்கிக்கொண்டு பாராட்டும் வழக்கம் ஊறிய நாட்டில் இது சின்ன விஷயமில்லை.

நம் ஊருக்கு மிக அருகில் நடந்ததைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன். 2018 பொதுத் தேர்தலில் கேமரன் மலையில் ம.இ.கா.வின் சிவராஜ் 597 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்றது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் தேசிய முன்னணியின் ரம்லி முகமட் நோர் வென்று, நாட்டின் முதல் ஓராங் அஸ்லி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். நம் கடைத்தெருவில் அன்று கேட்ட பேச்சு ‘நம்ம தொகுதி போச்சு’ என்பதுதான். யோசித்துப் பாருங்கள்: நமக்கு முன்பே இந்த மலையில் வாழ்ந்தவர்களின் முதல் பிரதிநிதி அவர். ‘போச்சு’ என்று எழுதினாலும் சார்பு, ‘வந்தது’ என்று எழுதினாலும் சார்பு. ஆனால் இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லும் கட்டுரை என் அளவில் தேறாது. தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். அவர்களின் லயங்களைப் பற்றித் தமிழ் இதழ்களில் நான் படித்தது மிகக் குறைவு. ஸ்ட்ராபெரிப் பண்ணையையும் விடுமுறைப் போக்குவரத்து நெரிசலையும் பற்றிப் படித்தது ஏராளம். எழுதியதில் மட்டும் சாய்வைத் தேடாமல் எழுதாமல் விட்டதிலும் தேட வேண்டும் என்பதற்கு நம் மலையைவிட நல்ல சான்று வேண்டாம்.

அந்த இடைத்தேர்தல் முடிந்த சில நாளில், ஜனவரி மாதக் கடைசியோடு, 94 ஆண்டு ஓடிய தமிழ் நேசன் நின்றுபோனது.

மலருக்குக் கட்டுரை எழுதுகிறவனுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கும் உரிமை உண்டென்று நினைக்கிறேன். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய தமிழ் முரசைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் பக்கத்துச் சங்கமணியும் வானம்பாடியும் பழைய நேசனும் தோட்டத்து வீடுகளின் பரணில்தான் கிடக்கின்றன. அம்மாவின் புடவைப் பெட்டிக்கு அடியில், சாமிப் படத்துக்குப் பின்னால், தகரப் பெட்டியில் விரிப்பாக. வீடு மாறும்போது கிலோக் கணக்கில் எடைக்குப் போடாதீர்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தேதி தெரிகிற தாளாக இருந்தால் நம் தமிழ்ப்பள்ளியில் கொண்டுவந்து கொடுங்கள்.