கல்லும் எதிராளியும்

சண்டைக் காட்சி இல்லாத தமிழ் சினிமா அபூர்வம். சண்டை என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்த தமிழ் சினிமா அதைவிட அபூர்வம். கதாநாயகன் கையை ஓங்குவான். பத்துப் பேர் விழுவார்கள். விழுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, முகம்கூடச் சரியாகத் தெரியாது. மூட்டையை நகர்த்துகிற மாதிரி அவர்களை நகர்த்திவிட்டுக் கதாநாயகன் போய்க்கொண்டே இருப்பான். 2021 ஜூலையில் வெளிவந்த பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' இந்த வழக்கத்திலிருந்து பாதித் தூரம் விலகி வந்த படம். பாதித் தூரம்தான். மீதிப் பாதி ஏன் நின்றுபோயிற்று என்பதே நான் இங்கே கேட்க விரும்புகிற கேள்வி.

வடசென்னையைப் பற்றிய படத்துக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரம்பிப்பது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆனால் விஷயம் அங்கிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம். சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரை எடுத்துக்கொள்வோம். 2019 வரையில் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. இப்போது தென்காசி ஜில்லா. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் வந்து போகிற இடம். இம்மாதிரி ஊரில் பலசாலியாக வேண்டும் என்று நினைக்கிற பையனுக்குப் பரம்பரையாக வந்த வழி ஒன்று உண்டு. அதுதான் இளவட்டக்கல்.

தென்பாண்டிக் கிராமங்களில் அந்தக் கல்லைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். உருண்டை வடிவம், வழவழப்பு, பிடித்துக்கொள்ளக் காது கிடையாது. குந்தி உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்து, முதலில் முழங்காலுக்கு, பிறகு தொடைக்கு, அப்புறம் மார்புக்கு, கடைசியில் தோளுக்கு ஏற்றி, முதுகுப் பக்கமாகக் கீழே போட வேண்டும். தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு வழக்கமே இருந்ததாகச் சொல்வார்கள். திருநெல்வேலி ஜில்லாவின் வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு இந்தப் போட்டி நடக்கிறது; பெண்களும் தூக்குகிறார்கள். கல் போய் இரும்பு வந்த பிறகும் காரியம் மாறவில்லை. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி என்று இருந்தது, ஜிம், வெயிட், டம்பெல்ஸ் என்று ஆயிற்று. அவ்வளவுதான்.

பளு தூக்குவது மட்டமான காரியம் என்று நான் சொல்லவில்லை. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்ட் கோஸ்டிலும் தங்கம் வாங்கினார். அந்தத் தூக்குதலுக்குப் பின்னால் இருக்கிற நுட்பம் கொஞ்சநஞ்சம் அல்ல. இருந்தாலும் ஒரு விஷயம் உண்டு. கல் பதில் பேசாது. நேற்று எண்பது கிலோவாக இருந்தது இன்றும் எண்பது கிலோதான். அதற்குப் பயம் கிடையாது, கோபம் கிடையாது, தந்திரம் கிடையாது. தூக்குகிறவனைப் பற்றி அதற்கு ஓர் அபிப்பிராயமும் கிடையாது. இரண்டு மூன்று வருஷம் வெயிட் போட்டுத் தோளும் மார்பும் திரண்டுவிட்ட இருபது வயதுப் பையனுக்கு ஒருநாள் காரணம் சொல்லத் தெரியாத ஒரு சலிப்பு வருகிறது. பலம் இருக்கிறது; அது யாருக்கு முன்னால் பலம் என்று தெரியவில்லை. கண்ணாடி போதவில்லை. அப்போதுதான் அவன் குத்துச்சண்டையைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறான். இன்னும் பெரிய கல்லைத் தேடி அவன் போகவில்லை. பதில் சொல்கிற ஒருவனைத் தேடிப் போகிறான்.

'சார்பட்டா பரம்பரை'யின் கபிலன் இப்படிப்பட்டவன்தான். எழுபதுகளின் நடுவே, நெருக்கடி நிலைக் காலத்தில், சென்னைத் துறைமுகத்தில் கூலி வேலை செய்கிறவன். உடம்பில் உழைப்பு தந்த பலம் இருக்கிறது. ஆனால் அவன் மனசு வேலையில் இல்லை; குத்துச்சண்டை மேடையில் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். தாயார் பாக்கியம் விடமாட்டாள். அவளுடைய புருஷனும் குத்துச்சண்டைக்காரன், அவன் ரௌடித்தனத்தில் விழுந்து அழிந்ததைப் பார்த்தவள். வயது வந்து, கல்யாணத்துக்கும் தயாரான பருவத்தில், தன் ரங்கன் வாத்தியாருக்கு நேர்ந்த அவமானம் பொறுக்காமல் கபிலன் கையுறை மாட்டிக்கொள்கிறான். சின்னப் பையனாகப் பழக ஆரம்பித்தவனுக்கும், வளர்ந்த பிறகு தானாகத் தீர்மானித்து வருகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாமவன் ஏதோ ஒன்று போதாமல் வருகிறான். ரஞ்சித்தும், அவரோடு சேர்ந்து எழுதிய நாவலாசிரியர் தமிழ்ப் பிரபாவும் இந்தப் போதாமையை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள்.

பரம்பரை என்ற சொல்லும் இங்கே கவனிக்கத்தக்கது. வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று உண்மையிலேயே இருந்தன. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தைத் துறைமுகத்துக் கூலிகளும் மீனவர்களும் எடுத்துக்கொண்டு, சங்கீத வித்வான்கள் மாதிரி அதற்குக் குருபரம்பரை வகுத்துக்கொண்டார்கள். இளவட்டக்கல்லுக்கு இப்படிப் பரம்பரை கிடையாது, தேவையும் இல்லை. கல்லைத் தூக்கத் தனியாகவே பழகலாம். குத்துச்சண்டையைத் தனியாகப் பழகவே முடியாது. வாத்தியார் வேண்டும், எதிரே நின்று அடிக்க ஒருவன் வேண்டும், அடி வாங்கவும் சம்மதிக்க வேண்டும். லோயிக் வாகான் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1988-ல் சிகாகோவின் கறுப்பர் பேட்டையில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்து, மூன்று வருஷம் பழகி, மேடையேறிச் சண்டையும் போட்டார். அந்த அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 2000-ல் வெளிவந்தது. இந்த வித்தை புத்தகத்தில் இல்லை, ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்குப் போகிறது என்பதுதான் அதன் சாரம். ரங்கன் வாத்தியாராக வரும் பசுபதி அதிகம் பேசாமல் இதைக் காட்டிவிடுகிறார். அவர் கண் கபிலனின் காலைப் பார்க்கிறது. வாத்தியார் பார்ப்பது கால். ஜனங்கள் பார்ப்பது கை.

படத்தின் உச்சம் எது என்று கேட்டால், கடைசிச் சண்டை என்று சொல்ல மாட்டேன். டான்ஸிங் ரோஸுடன் நடக்கும் சண்டைதான். ஷபீர் அந்தப் பாத்திரத்தில் ஆடிக்கொண்டே வருகிறார். தோள் ஒரு பக்கம் போகிறது, இடுப்பு இன்னொரு பக்கம் போகிறது. அடி எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை. கபிலனின் பலம் முழுவதும் அந்த நிமிஷத்தில் உபயோகமற்றதாக ஆகிவிடுகிறது. காற்றை அடிக்கிறான். பிறகு மெதுவாக, எதிராளியின் தாளத்தைக் கேட்க ஆரம்பிக்கிறான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் படிக்கக் கற்றுக்கொள்வதை நம் சினிமாவில் இவ்வளவு ருசியாகக் காட்டின இடம் வேறு எனக்கு ஞாபகம் இல்லை. படம் வெளிவந்ததும் ஜனங்கள் கதாநாயகனை விட்டுவிட்டு ரோஸைக் கொண்டாடியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோற்கிறவனுக்கும் ஒரு கலை உண்டு என்று தமிழ் சினிமா அவர்களுக்குக் காட்டியது, அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இதற்குப் பிறகுதான் படம் சறுக்குகிறது. வேம்புலியோடு நடக்கும் முதல் சண்டை வன்முறையில் கலைகிறது, கபிலன் அவமானப்படுத்தப்படுகிறான், சாராயத்தில் விழுகிறான், உடம்பு கெடுகிறது. இந்தச் சரிவு நீண்டுவிட்டது என்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. குத்துச்சண்டை ரௌடித்தனத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல அந்த நீளம் தேவைதான். என் ஆட்சேபம் அவன் எழுந்திருக்கும் விதத்தைப் பற்றியது. பீடி ராயப்பன் கடற்கரையில் அவனைப் பழக்குகிறார். பாட்டு வருகிறது, ஓடுகிறான், இழுக்கிறான், கொழுப்பு கரைந்து தசை திரும்பி வருகிறது. அதாவது குத்துச்சண்டைக்காரன் மறுபடியும் பளு தூக்குகிறவனாகிவிடுகிறான். எதிராளியைப் பற்றி அவன் புதிதாக என்ன தெரிந்துகொண்டான்? ஒன்றும் இல்லை. கடைசி மேடையில் நிற்கிற வேம்புலி உறுமுகிறான், முறைக்கிறான். ஆனால் ரோஸைப் போல எதையும் சொல்கிறதில்லை. அவன் கல்லாகிவிட்டான். கபிலன் அவனைத் தூக்கிப் பின்னால் போடுகிறான். ஜனங்கள் கைதட்டுகிறார்கள். ஆர்யா கடுமையாக உழைத்துத் தயார் செய்த உடம்பைக் காமிரா சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போது, அது துறைமுகத்துக் கூலியின் உடம்பாக இல்லை, இன்றைய ஜிம் உடம்பாகவே இருக்கிறது என்ற உறுத்தலும் சேர்ந்துகொள்கிறது.

எதிராளியை மனிதனாகப் பார்ப்பது நமக்குப் புதிது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். புறநானூற்றின் எண்பதாம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரைக் காட்டுகிறார். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைக் கீழே தள்ளியிருக்கிறான். ஒரு கால் மார்பில் மண்டியிட்டிருக்கிறது. இன்னொரு கால் அவனுடைய தந்திரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. கீழே கிடக்கும்போதும் மல்லனிடம் தந்திரம் பாக்கி இருக்கிறது என்பதைப் புலவர் மறக்கவில்லை. அவனுடைய பலத்தையும் சொல்லிவிட்டுத்தான் தோல்வியைச் சொல்கிறார். இன்னும் ஒரு நுட்பம்: கிள்ளியின் தகப்பன் தித்தன், மகனிடம் பிரியம் உண்டோ இல்லையோ, இதைப் பார்க்கட்டும் என்கிறார். மகன் கோதாவில் இறங்குவதும், பெற்றவர் மனம் ஒப்பாமல் நிற்பதும் சங்க காலத்திலிருந்தே நம்மோடு இருக்கிற கதைதான். சமீப காலத்துக்கு வந்தால் சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' இருக்கிறது. அங்கே எதிராளி ஒரு காளை. ஆனாலும் அந்தக் காரி கல் இல்லை. அதற்கும் புத்தி உண்டு, ரோஷம் உண்டு. பிச்சி அதைப் படித்துத்தான் அணைகிறான். ஒரு மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை வேம்புலிக்குக் கொடுத்திருக்கலாம்.

பாக்கியத்தின் எதிர்ப்பையும் படம் முழுதாகக் கேட்கவில்லை. அவள் பயம் ரௌடித்தனத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ரௌடித்தனமே இல்லாவிட்டாலும் ஒரு தாய்க்குப் பயப்படக் காரணம் உண்டு. தலையில் திரும்பத் திரும்ப விழும் குத்து மூளையைக் கெடுக்கிறது என்று ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1928-லேயே எழுதினார். 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்ட முகமது அலிக்கு, நான்கு வருஷம் கழித்து நடுக்கவாதம் என்று கண்டுபிடித்தார்கள். குத்துகளுக்கும் அதற்கும் எவ்வளவு சம்பந்தம் என்பதை டாக்டர்கள் விவாதிக்கட்டும். கல் தூக்குகிறவனுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளலாம், விரல் நசுங்கலாம். குத்துச்சண்டையில் பணயம் வைப்பது புத்தியை. இந்த விலையைச் சொல்லாமல் தாயையே மகனை மேடைக்கு அனுப்பிவைக்கச் செய்வது சுலபமான முடிவு. அந்த விலையும் தெரிந்து அவள் அனுப்பியிருந்தால், அது பெரிய காட்சியாக இருந்திருக்கும்.

ஆக, மேலநீலிதநல்லூர்ப் பையன் இந்தப் படத்திலிருந்து என்ன எடுத்துக்கொள்வான்? கடைசி அரை மணியை எடுத்துக்கொண்டானானால், இன்னும் இரண்டு பிளேட்டு அதிகமாக மாட்டித் தூக்குவான். வாட்ஸாப்பில் படம் போடுவான். நம் தெற்கத்திக் கிராமங்களில் திரண்ட புஜத்துக்குச் சாதிக் கௌரவம் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதும் தெரிந்த விஷயம். பேசாத கல்லையே தூக்கிப் பழகினவனுக்கு எதிர்த்தெருக்காரனும் ஒருநாள் கல்லாகத் தோன்றிவிடலாம்.

ரோஸ் சண்டையை எடுத்துக்கொண்டானானால் கதை வேறு. 1867-ல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் வந்த விதிகள் மூன்று நிமிஷம் சண்டை, ஒரு நிமிஷம் ஓய்வு என்று வகுத்தன. மணி அடித்தால் கை தாழ வேண்டும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது, தனக்குச் சமமான ஒருவனுக்கு எதிரே, கையைத் தாழ்த்தக் கற்றுக்கொள்வது எந்தக் கல்லும் சொல்லிக்கொடுக்காத பாடம். பலம் போதவில்லை என்று வந்தவனுக்கு அங்கே கிடைப்பது கூடுதல் பலம் அல்ல. இன்னொருவனும் இருக்கிறான் என்ற ஞானம். அதை ஒரு சண்டையில் காட்டத் தெரிந்த ரஞ்சித், கடைசிச் சண்டையிலும் காட்டியிருக்கலாம். காட்டாதது நஷ்டம். ஆனாலும் ஒரு தடவையாவது காட்டினாரே என்பதற்காக இந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்க்கலாம்.