சந்தா வாசிப்பும் பால்புதுமைக் காதற் புனைகதையும்

இலக்கிய வடிவத்தை ஆராய்வோர் பலர், நூல் வாசகரைச் சென்றடையும் முறையைப் புறவிடயமெனத் தள்ளிவிடுவர். வரலாறு அதற்கு இடந்தருவதில்லை. 1842இல் இலண்டனில் மூடி என்பவர் தொடங்கிய இரவல் நூல்நிலையம் ஆண்டுக்கு ஒரு கினி சந்தா பெற்றது. மூன்று பாகங்களாக வெளிவந்த நாவலை ஒரே வேளையில் மூன்று சந்தாதாரருக்கு வழங்க முடிந்தமையால், நூல்நிலையத்தின் இலாபமே ஆங்கில நாவலின் நீளத்தை நெடுங்காலம் தீர்மானித்தது. 1894இல் நூல்நிலையத்தார் அவ்வடிவத்தைக் கைவிடவே, சில ஆண்டுகளில் அது மறைந்தது.

தற்பாலீர்ப்பாளர், மாறுபாலினர் முதலிய பால்புதுமையினரைத் தலைமக்களாகக் கொண்டு, இன்று அமெரிக்காவில் மின்னூற் சந்தா வழியாகப் பரவும் விஞ்ஞானக் காதற் புனைகதையையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். 2014 யூலையில் அமேசன் நிறுவனம் 'கிண்டில் அன்லிமிட்டெட்' என்னும் மாதச் சந்தாத் திட்டத்தை ஆரம்பித்தது. தாமே எழுதித் தாமே வெளியிடும் 'சுதந்திர' எழுத்தாளர் பலர், பதிப்பகங்களின் தயவை நாடாது, இதனூடாக வாசகரைப் பெற்றனர். சந்தாதாரர் பெயரறியாத எழுத்தாளரையும் மேலதிகச் செலவின்றிப் படிக்கலாம். அட்டைப்படம் பிறர் கண்ணிற் படாதென்பதும், குடும்பத்துக்கு அஞ்சி வாழும் வாசகருக்குச் சிறு விடயமன்று.

இப்புனைகதைகளை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளுவது முற்போக்கு விமரிசனமாகாது. உர்சுலா லெ குவின் 1969இலும் ஜோனா ரஸ் 1975இலும் வெளியிட்ட விஞ்ஞான நாவல்கள், பால் வேறுபாட்டை இயற்கை நியதியெனக் கொள்வதைக் கேள்விக்குள்ளாக்கின. காதற் புனைகதை அக்கேள்வியைப் பரந்த வாசகரிடம் எடுத்துச் செல்கிறது. மரணத்திலோ பிரிவிலோ முடியுமாறு நெடுங்காலம் விதிக்கப்பட்டிருந்த காதலுக்கு, இன்பமுடிவு வெறும் வாய்பாடன்று. மறுக்கப்பட்ட வாழ்வுக்கான உரிமைக் கோரிக்கையாகும்.

எனினும், இவ்வெழுத்தாளரின் சுதந்திரம் எத்தகையது? 2015 யூலை முதல் வாசிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கேற்பவே ஊதியம் வழங்கப்படுகிறது. பக்கமொன்றுக்குக் கிடைப்பது அமெரிக்க அரைச் சதத்தை ஒட்டிய தொகையே. அதற்கான மாத நிதியை நிறுவனமே நிர்ணயிக்கிறது. முதல் வாசிப்புக்கு மட்டுமே ஊதியம். வாசகர் நெஞ்சில் நின்று பன்முறை படிக்கப்படும் நூல் அதனால் மேலதிகமாக எதுவும் ஈட்டாது. திட்டத்திற் சேர்ந்த மின்னூலைத் தொண்ணூறு நாட்களுக்கு வேறெங்கும் விற்கலாகாது. உருப்படிக் கூலியே முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு மிகப் பொருந்திய கூலிவடிவம் என்று மார்க்ஸ் 'மூலதன'த்திற் காட்டியமை இங்கு நினைவுகூரத்தக்கது. தொடர் தொடராக, விரைந்து எழுதும் நிர்ப்பந்தம் இக்கூலிமுறையோடு பிணைந்ததே. அதனை எழுத்தாளரின் ஆற்றற் குறைவென மட்டும் கொள்ளலாகாது.

திறந்த கதவை மூடும் அதிகாரமும் அதே கைகளில் உள்ளது. 2009 ஏப்ரிலில் தற்பாலீர்ப்பாளர் பற்றிய நூல்கள் பல அமேசனின் விற்பனைத் தரவரிசையிலிருந்து மறைந்தன. மொத்தம் 57,310 நூல்களைப் பாதித்த பட்டியற் பிழை அதுவென நிறுவனம் விளக்கியது. 2015இல் ஸ்கிரிப்ட் என்னும் மற்றொரு சந்தா நிறுவனம் பெருந்தொகையான காதற் புனைகதைகளை விலக்கியது. வாசகர் அளவுக்கதிகமாகப் படித்தமையே காரணம்! வாசகரின் ஆர்வம் இலாபத்துடன் முரண்பட்டபோது வெளியேற்றப்பட்டது ஆர்வமேயாகும்.

ஆகவே, இவ்விலக்கியத்தின் தேவையையும் அதனை அளக்கும் சந்தையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. முன்னையது மக்களிடமிருந்து எழுவது. பின்னையது அவர்கள்மீது சுமத்தப்படுவது. எழுத்தாளர் கூட்டாகத் தம் விநியோகச் சாதனங்களை உடைமையாக்கும் வரை, அவர் படைக்கும் எதிர்கால உலகின் விடுதலை அவருடைய தொழிலை எட்டாது.