தானே வகுத்த அளவுகோல்

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள் இருவர், லாரி பேஜும் செர்கே பிரின்னும், தாங்கள் கட்டிய தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் ஒரு சின்ன எடுத்துக்காட்டு வருகிறது. ‘செல்லுலார் போன்’ என்று அந்தப் பொறியில் தேடியபோது முதலிடத்தில் வந்தது, வண்டி ஓட்டுகிறவரின் கவனத்தைச் செல்போன் எப்படிச் சிதறடிக்கிறது என்று ஆராய்ந்த ஒரு பக்கம். செல்போன் கம்பெனியிடம் விளம்பரக் காசு வாங்கும் தேடுபொறி இப்படி ஒரு பக்கத்தைத் தலைமேல் வைத்துவிட்டு, அந்தக் கம்பெனிக்கு என்ன பதில் சொல்லும் என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாய்ந்தே தீரும். அந்தச் சாய்வு எளிதில் பிடிபடாது. ஆகவே போட்டியிடும் திறனோடும் வெளிப்படையாகவும் கல்விப்புலத்தில் இயங்கும் ஒரு தேடுபொறி வேண்டும் என்று முடித்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் நிறுவனமானது. 2000இல் விளம்பரம் விற்கத் தொடங்கியது.

இதைச் சொல் மாறியதாக மட்டும் எடுத்துக்கொண்டால் விமர்சனம் மலிவாகிவிடும். கல்விப்புலத்தில் இருந்தபடியே உலகத்துக்கெல்லாம் தேடித்தரும் செலவை யாரும் தாங்கியிருக்க முடியாது என்று விட்டுவிடலாம். எஞ்சுபவை மூன்று: தேடுகிறவருக்குப் பொருத்தமான விடை, வெளிப்படைத்தன்மை, போட்டி. கூகுளை எடைபோட வெளியிலிருந்து தராசு கொண்டுவர வேண்டாம். நிறுவனர்களின் கையிலிருந்ததே போதும்.

பொருத்தத்தில் தொடங்குவோம். கூகுளுக்கு முந்தைய பொறிகள் பெரும்பாலும் பக்கத்துக்குள் சொல்லைத் தேடின. யாஹூவின் அட்டவணையை ஆட்கள் உட்கார்ந்து தொகுத்தார்கள். முதல் முறைக்கு விரிவு இருந்தது, விவேகம் இல்லை. இரண்டாவதற்கு விவேகம் இருந்தது, விரிவு இல்லை. கூகுளின் பேஜ்ரேங்க் என்ற கணக்குமுறை இரண்டையும் ஒன்றாக்கியது. ஒரு பக்கம் இன்னொன்றுக்குத் தரும் இணைப்பை, ஆய்வாளர் தரும் மேற்கோளாக அது வாசித்தது. முக்கியமான பக்கம் தரும் இணைப்புக்கு மதிப்பு அதிகம். முக்கியமான பக்கம் எது? முக்கியமான பக்கங்கள் சுட்டுவது. வட்டமாகச் சுற்றும் இந்த வரையறையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நிலைபெறச் செய்ததில்தான் சாதனை. மனம்போன போக்கில் இணைப்புகளைச் சொடுக்கிச் செல்லும் ஒருவரை நிறுவனர்கள் கற்பனை செய்தார்கள். அவர் அலுத்துப்போய் வேறெங்கோ தாவும் வாய்ப்பையும் சூத்திரத்தில் சேர்த்தார்கள். கருத்துக்கும் கணக்குக்கும் இவ்வளவு இயைபு அமைந்த கண்டுபிடிப்பு கணினித்துறையில் அரிது.

குறையும் அங்கேயே விதையாகக் கிடந்தது. யாரும் கவனிக்காத காலத்தில் போடப்பட்ட இணைப்பு நேர்மையான சாட்சி. அதற்கு மதிப்பெண் உண்டென்று தெரிந்த மறுநாள் அது சரக்காகிவிட்டது. இணைப்பை விற்கும் சந்தை, தேடல் சொற்களுக்காகவே எழுதிக் குவிக்கும் பக்கங்கள், தரவரிசையை உயர்த்தித் தருவதையே தொழிலாகக் கொண்ட ஒரு துறை எல்லாம் பின்னால் வந்தன. கூகுள் சும்மா இருக்கவில்லை. 2011இல் பாண்டா என்ற மாற்றத்தால் மலிவான எழுத்துப் பண்ணைகளைத் தரவரிசையில் கீழே தள்ளியது. அவற்றில் பல கூகுளின் விளம்பரங்களையே தாங்கியவை என்பதால் அந்த முடிவுக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால் போர் முடியவில்லை. லைப்சிக், வைமார் ஆய்வாளர்கள் பொருள் மதிப்புரை கேட்கும் 7,392 தேடல்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். மேலே வரும் பக்கங்கள் சராசரியைவிடத் தேடலுக்காகக் கூடுதலாகச் செதுக்கப்பட்டவை, தரகு இணைப்புகள் மிகுந்தவை, எழுத்துத் தரத்தில் தாழ்ந்தவை. அதே ஆய்வு, பிங்கும் டக்டக்கோவும் இதைவிடச் சிறப்பாக இல்லை என்றும் சொன்னது. எனவே சரிவு கூகுளுடையது மட்டுமல்ல. ஆனால் இணையம் எந்தக் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டதோ, அந்தக் கண்ணாடி பெரும்பாலும் கூகுளுடையது.

விளம்பரத்துக்கு வருவோம். அதிகம் கொடுப்பவருக்கு முதலிடம் என்ற ஏலத்தைக் கோடூ என்ற நிறுவனம் முன்பே நடத்தியது. கூகுள் 2002இல் அதோடு, விளம்பரம் எத்தனை பேரால் சொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தது. பொருந்தாத விளம்பரம் காசு கொட்டினாலும் மேலே ஏற முடியாது. நிறுவனர்களின் அச்சத்துக்குக் கிடைத்த சிறந்த விடை இதுதான் என்பேன்.

அந்த விடையை மெல்ல அரித்தது வடிவமைப்பு. விளம்பரங்களுக்குப் பின்னால் முன்பு தனி நிறப் பட்டை இருந்தது. 2013இல் பட்டை போய் மஞ்சள் சிட்டை வந்தது. 2016இல் சிட்டை பச்சையானது. முடிவுகளின் இணைய முகவரியும் அப்போது பச்சைதான். 2020 ஜனவரியில் கணினித் திரையில் சிட்டை கறுப்பெழுத்தாகச் சுருங்கியது. கூடவே சாதாரண முடிவுகளின் பக்கத்திலும் அதே இடத்தில் சின்னச் சின்னப் படக்குறிகள் முளைத்தன. எது விற்பனை, எது விடை என்று கண்ணுக்குப் பிரியவில்லை. கண்டனம் எழுந்ததும் கூகுள் படக்குறிகளைத் திரும்பப் பெற்றது. ஒவ்வொரு மாற்றமும் தனியே பார்த்தால் அழகியல் முடிவு. வரிசையாக வைத்துப் பார்த்தால் திசை ஒன்றுதான். பிடிபடாத சாய்வு என்று 1998இல் எழுதியது இதைத்தான் குறித்திருக்க வேண்டும்.

சாய்வு பிடிபட்ட இடங்களும் உண்டு. தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்து, போட்டிச் சேவைகளைக் கீழே தள்ளியதாக ஐரோப்பிய ஆணையம் 2017இல் 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. முன்னணிப் போட்டிச் சேவையே சராசரியாக நான்காம் பக்கத்தில்தான் தென்பட்டது என்பது ஆணையத்தின் கண்டறிவு. நான்காம் பக்கம் வரை புரட்டுகிறவர் எத்தனை பேர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2024இல் அந்த அபராதத்தை உறுதி செய்தது. இந்தியாவில் சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் தொடுத்த புகாரில், இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் ₹135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணத் தேடலில் தன் சொந்தப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் பெட்டியை முன்னிறுத்தியது அங்கு கண்ட குறைகளில் ஒன்று. அதே ஆணையம் விளம்பர ஏலமுறை மீதான குற்றச்சாட்டை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இரண்டாவது அளவுகோல், வெளிப்படைத்தன்மை. சூத்திரத்தை அச்சிட்டுக் காட்டியவர்களின் நிறுவனம், பக்கத்தின் மதிப்பெண்ணை உலாவிப் பட்டையில் காட்டி வந்ததையும் 2016இல் நிறுத்தியது. விதியை வெளியிட்டால் ஏமாற்றுகிறவர்களுக்கே லாபம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மறைப்பது வேறு, மறுப்பது வேறு. பயனரின் சொடுக்குகள் தரவரிசைக்கு நேரடியாக உதவுவதில்லை என்ற தொனியில் நிறுவனத்தார் பல ஆண்டுகள் பேசி வந்தார்கள். சொடுக்குத் தரவில் இயங்கும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பு அங்கே முக்கியமான கருவி என்று 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அதன் மூத்த பொறியாளரே சாட்சி சொன்னார். ரகசியத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் வெளிவரும் உண்மையைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

மூன்றாவது, போட்டி. இங்கேதான் வழக்கின் கனம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் அதே அமெரிக்க வழக்கில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் ஏகபோக நிறுவனம் என்றும் அந்த நிலையைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்றும் தீர்ப்பளித்தார். துறையிலேயே தரமான தேடுபொறி அது என்று ஒப்புக்கொண்ட பிறகு சொன்ன தீர்ப்பு என்பதால் அதற்குக் கூடுதல் எடை. போன்களிலும் உலாவிகளிலும் தானாக வந்து நிற்கும் இடத்துக்காக 2021இல் மட்டும் கூகுள் கொடுத்தது 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர். சிறந்த பொருளுக்கு இவ்வளவு வாடகை எதற்கு என்ற கேள்விக்குத் தீர்ப்பிலேயே விடை இருக்கிறது. எதிராளிகள் அனைவரும் சேர்ந்து பெறும் தேடல்களைப்போல் ஒன்பது மடங்கு கூகுளுக்கு வருகிறது. தேடல் வந்தால் தரவு. தரவு வந்தால் தரம். வாடகை கொடுத்து வாங்கியது இடத்தை மட்டுமல்ல, எதிராளி கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும்தான்.

தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு குறிப்பு. தேடலின் தரத்தைக் கணிசமாகக் குறைத்தால் வருமானம் என்னாகும் என்று கூகுள் 2020இல் தனக்குள் ஆராய்ந்து பார்த்தது. வருமானம் விழாது என்று தெரிந்தது. தரத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள் என்பதற்கு இது ஆதாரமல்ல. ஆனால் குறைத்தாலும் கேட்க ஆளில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் தேவையில்லை.

2025 செப்டம்பரின் பரிகார ஆணை குரோமை விற்கச் சொல்லவில்லை; இடத்துக்குப் பணம் தருவதையும் தடுக்கவில்லை. பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடை செய்தது, தரவின் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிரச் சொன்னது. செயற்கை நுண்ணறிவு களத்தை மாற்றிவிட்டது என்பது நீதிபதியின் கணிப்பு. அந்தக் களத்தில் கூகுளின் முதல் அடி சறுக்கியது. 2024 மே மாதம் அமெரிக்காவில் வந்த செயற்கை நுண்ணறிவுச் சுருக்க விடைகளில் ஒன்று, பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கப் பசை சேர்க்கச் சொன்னது; பல ஆண்டுகளுக்கு முன் ரெடிட்டில் யாரோ அடித்த ஜோக் அதன் மூலம். இந்தப் பிழை திருத்தக்கூடியது. முறையியலில் நேர்ந்த முறிவு திருத்துவதற்கு எளிதல்ல. அதிகாரம் என்னிடம் இல்லை, பிறர் சுட்டுவதில் இருக்கிறது என்பது பேஜ்ரேங்கின் அடிப்படை. இப்போது சுட்டிய விரலே பேசத் தொடங்கிவிட்டது. சுருக்கம் தென்பட்ட தேடல்களில் 8 விழுக்காட்டில்தான் முடிவுகளின் இணைப்பு சொடுக்கப்பட்டது, தென்படாதவற்றில் 15 விழுக்காடு என்று பியூ ஆய்வு மையம் 2025இல் காட்டியது. சொடுக்கு வராத பக்கத்தை யார் எழுதுவார்கள்? எழுதாவிட்டால் சுருக்க எது மிஞ்சும்?

நிறுவனத்தின் தலைவர் சென்னையில் வளர்ந்தவர். தேடல் பிரிவை 2020 முதல் 2024 வரை நடத்தியவர் சென்னை ஐஐடியில் படித்தவர். அந்தப் பெருமை நமக்கு இருக்கட்டும். அது தராசில் ஏறக்கூடாது.

முடிவு இது. கண்டுபிடிப்பு என்ற வகையில் கூகுள் தேடல் முதல் தரம். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இடத்தை யாரும் அசைக்கவில்லை. பொருத்தம் என்ற அளவுகோலில் தேறுகிறது, ஆனால் சரிந்துவரும் மதிப்பெண்ணோடு. வெளிப்படைத்தன்மையில் தேறவில்லை. போட்டி என்ற அளவுகோலில் தோற்றது மட்டுமல்ல, தோல்வி தெரியாமலிருக்க விலை கொடுத்தது. 1998இல் அந்த இருவரும் அஞ்சியது விளம்பரதாரரின் கோபத்துக்கு. செல்போனின் தீங்கைச் சொல்லும் பக்கம் மேலே வந்தால் கம்பெனி விலகிப்போகும் என்று நினைத்தார்கள். 2020இன் ஆய்வு சொல்வது அதைவிடக் கசப்பானது: தேடுகிறவருக்கு விலகிப்போக வேறு இடமில்லை.