பெற்ற பிள்ளை, மஞ்சள் நீர்ப் பிள்ளை

தீவுப்பகுதிக் கத்தோலிக்கருக்கு அந்தோனியார் வீட்டு மனிதர் மாதிரி. வருடத்துக்கு ஒருமுறை கச்சதீவுக்குப் படகேறிப் போவதும் அவரிடந்தான். அவருடைய சுரூபத்தில் கையிலே ஒரு குழந்தை இருக்கும். மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் புனிதரின் முகத்தைப் பார்த்து மன்றாடுவார்கள். குழந்தையைக் கவனிப்பவர்கள் குறைவு. அது ஆருடைய பிள்ளை என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால், கடவுளுடைய மகன் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும். கடவுளுக்கு மகன் என்றால் என்ன கருத்து என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. மூன்று நூற்றாண்டு வாதாடிய பிறகே 325 இல் நிக்கேயா சங்கத்தில் திருச்சபை அதற்கு ஒரு வாசகத்தை எழுதியது. 2025 இல் அந்தச் சங்கத்துக்கு 1700 ஆண்டு நிறைந்தது. வாசகம் எழுதிய பிறகும் வாதம் ஓயவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாம் நிக்கேயாவிலிருந்து தொடங்காமல் நயினாதீவிலிருந்து தொடங்குவோம். நாகபூஷணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் அருகருகே இருக்கும் சிறு தீவு அது. விகாரையில் இருக்கும் பிக்குவைப் பௌத்தர்கள் புத்தபுத்திரர் என்பார்கள். புத்தருக்குப் பிறந்தவர் என்று எவரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. போதனையால் வந்த பிள்ளைமை அது. அம்மன் கோவிலுக்குப் போகும் சைவர்களிடமோ தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் என்று நான்கு நெறிகள் உண்டு. இரண்டாவது நெறிக்கு எடுத்துக்காட்டு ஆளுடைய பிள்ளையான சம்பந்தர். அடியவன் இறைவனைத் தந்தையாகக் கொண்டு நெருங்குவது அங்கே பிள்ளைமை.

எபிரேய வழக்கும் இவற்றுக்குத் தூரமில்லை. இறைவாக்கினரின் சீடர்களை இறைவாக்கினரின் புதல்வர் என்று பழைய ஏற்பாடு அழைக்கிறது. வானதூதர்கள் கடவுளின் புதல்வர், இஸ்ரயேல் மக்கள் அவருடைய தலைப்பிள்ளை. தாவீதின் வழியில் அரியணை ஏறுகிற அரசனைத் தம் மகன் என்று கடவுள் ஏற்றுக்கொள்வதைத் திருப்பாடல் 2 பாடுகிறது. லூக்கா தம் தலைமுறை அட்டவணையை ஆதாமில் முடித்து, அவனையும் கடவுளின் மகன் என்கிறார். ஆகவே விவிலியத்தில் இந்தச் சொல்லைக் கண்டவுடன் முழுக் கடவுள் என்று பொருள் கொள்வது அவசரம். அப்படியானால் வெறும் பட்டந்தான் என்று தள்ளிவிடுவதும் அதே அளவு அவசரம். பிள்ளை என்ற சொல் தனியாக எதையும் தீர்ப்பதில்லை. எந்த வகைப் பிள்ளை என்பதே கேள்வி.

பிள்ளை வகையைப் பிரித்தறிய யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்மிடம் தேசவழமை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை 1706-1707 இல் அதைத் தொகுத்தார். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கும் அதே சட்டம், பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக்கும் முறையையும் சொல்கிறது. உரிமைக்கார உறவினரின் சம்மதம் வேண்டும், அவர்கள் முன்னிலையில் மஞ்சள் நீர்ச் சடங்கு நடக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொத்துக்கு உரித்தாளி.

வேடிக்கை என்னவென்றால், அதே ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபை 1563 இல் எழுதப்பட்ட ஹைடல்பேர்க் ஞானோபதேசத்தைத் தன் அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருந்தது. அதன் 33 ஆவது வினா இதையேதான் கேட்கிறது: நாமும் கடவுளின் பிள்ளைகளாக இருக்க, கிறிஸ்துவை மட்டும் ஏன் ஒரேபேறானவர் என்கிறோம்? அவர் என்றென்றும் இயல்பாலே மகன், நாங்கள் அவர் பொருட்டு அருளாலே சுவிகரிக்கப்பட்டவர்கள் என்பது விடை. வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்தவர்கள், திசாவையின் ஏட்டில் ஒரு பிள்ளைக் கணக்கையும் கோவிலில் இன்னொரு பிள்ளைக் கணக்கையும் வைத்திருந்தார்கள். இரண்டையும் அவர்களில் எவராவது பக்கத்தில் வைத்துப் பார்த்தாரோ என்னவோ, நாம் பார்க்கலாம்.

ஏனென்றால் பழைய திருச்சபையின் பள்ளிகளை இந்த மஞ்சள் நீரைக் கொண்டே அடையாளம் காட்ட முடியும். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிசாந்தியத்திலிருந்து உரோமைக்கு வந்த தியோடோத்தஸ் என்ற தோல் வேலைக்காரர், இயேசு தூய மனிதர், திருமுழுக்கின்போது கடவுளின் வல்லமை அவர்மேல் இறங்கியது என்று போதித்தார். யோர்தான் நீரே அவருக்கு மஞ்சள் நீர். சமோசாத்தா ஊர்ப் பவுல் என்ற அந்தியோக்கியா ஆயரும் இந்தப் பக்கம் சாய்ந்தவர் என்று 268 இல் பதவி இழந்தார். சபெல்லியஸ் வழி வந்தவர்கள் எதிர்முனைக்குப் போனார்கள். தந்தையென்றும் மகனென்றும் இருவர் இல்லை, ஒருவரே வேடம் மாறி வருகிறார் என்பது அவர்கள் கட்சி. கூத்து மேடைக்கு அது பொருந்தும். ஆனால் கெத்சமனித் தோட்டத்தில் மகன் தந்தையிடம் மன்றாடும்போது, ஆர் ஆரிடம் மன்றாடுகிறார் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை.

அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ் இவர்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர். பெற்றவர் முந்தி, பிள்ளை பிந்தி. ஆகவே மகன் இல்லாத ஒரு நிலை இருந்தது என்றார். எந்த வீட்டுத் திண்ணையிலும் இந்த வாதம் வெல்லும். நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் அதற்குத் தந்த மறுமொழி, பெறப்பட்டவர் ஆனால் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருண்மை உடையவர் என்பது. ஒரே பொருண்மை என்ற அந்தக் கிரேக்கச் சொல் விவிலியத்தில் எங்கும் இல்லை. ஆரியுஸ் கட்சியினர் இதைச் சுட்டிக் காட்டியதில் நியாயம் உண்டு. ஆனாலும் விவிலியச் சொற்களை எல்லாக் கட்சியும் தத்தம் பொருளில் ஓதிக்கொண்டிருந்தபோது, வெளியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து வேலி கட்டுவதைத் தவிர ஆயர்களுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எபேசுச் சங்கம் 431 இல் மரியாவைக் கடவுளின் தாய் என்று அறிவித்தது. கரையூர்களில் வலை இழுக்கும்போது தேவமாதாவே என்று கூப்பிடுகிறவர் அந்தச் சங்கத் தீர்ப்பு முழுவதையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். கல்செதோன் சங்கம் 451 இல் ஒரே ஆள், இரு இயல்பு என்றது.

இவ்வளவும் கிரேக்கத்தில். தமிழில் சொல்ல வந்தவர்களுக்கு வேறு சங்கடம். 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தில் ஹென்றிக்கஸ் அடிகள் கடவுளைத் தம்பிரான் என்றார். தம் முதுமையில் சில காலம் யாழ்ப்பாணத்தில் இருந்த தத்துவபோதகர் நோபிலி சர்வேசுரன் என்றார். தந்தை மகன் உறவுக்குக் கத்தோலிக்கர் பிதா சுதன் என்று வடசொல்லை எடுத்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சியில் கோவா நாட்டுக் குருவான யாக்கோமே கொன்சால்வேஸ் எழுதிய தமிழ் நூல்களும் இந்தச் சொற்களைப் பரப்பின. சீர்திருத்தச் சபைக் கட்சியில் பிலிப்பு டி மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இல் கொழும்பில் அச்சாகியது. பிறகு பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு 1850 இல் வந்தது. அதில் அவருக்குத் துணை நின்றவர் நல்லூர் ஆறுமுகநாவலர். சிவன் கருவில் உருவாகாதவன், அவன் மனிதப் பிறப்பு எடுப்பதில்லை என்ற சித்தாந்தத்தில் ஊறிய ஒருவர், கடவுளின் குமாரன் என்று பக்கம் பக்கமாக எழுத உதவியிருக்கிறார். அதே நாவலர் 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார், 1854 இல் சைவதூஷணபரிகாரம் வெளியிட்டார். அவருக்கு முன்னரே சுன்னாகம் முத்துக்குமார கவிராயர் யேசுமதபரிகாரம் எழுதிவிட்டார். அவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால் கடவுள் பிறந்தார் என்பது எவ்வளவு பாரதூரமான கூற்று என்பதை நம் பல பிரசங்கிமாரைவிட அவர்கள் நன்றாகவே விளங்கியிருந்தார்கள்.

1871 இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு குமாரன் என்றது. 1995 இல் வந்த திருவிவிலியம் மகன் என்கிறது, சேர்த்து இறைமகன். குமாரன் அரச வாசனை உள்ள சொல், திருப்பாடல் 2 இன் அரசனுக்குப் பொருந்தும். மகன் வீட்டுச் சொல், யோவானுக்குப் பொருந்தும். ஒன்றை எடுத்தால் மற்றது கொஞ்சம் மங்கும். ஒரேபேறான என்ற அடைமொழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பேறு என்றால் பிறப்பு, பேறு என்றால் கிடைத்தற்கரிய பாக்கியம். மூலக் கிரேக்கத்துக்குத் தனித்துவமான, ஒரே என்று பொருள் சொல்வதே சரி என்று இன்றைய அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதன்படி பிறப்பு என்ற பொருள் போனாலும், தமிழ்ச் சொல்லின் மறுபாதி நிற்கிறது.

இன்னொன்று நீ, நீர் விவகாரம். கிரேக்கத்தில் முன்னிலை ஒருமைக்கு ஒரே சொல். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாயிலும் மரியாதையை அளந்து ஊற்ற வேண்டும். மாற்குவில் தலைமைக் குரு இயேசுவை விசாரிக்கும்போது நீ. பேய்கள் கத்தும்போது நீர். பேய்களுக்குத் தலைமைக் குருவைவிட மரியாதை தெரிந்திருக்கிறது! திருமுழுக்கில் தந்தையின் குரல் ஐக்கிய மொழிபெயர்ப்பில் நீர் என்கிறது, திருவிவிலியத்தில் நீயே என்கிறது. தமிழ்நாட்டில் நீர் பெரும்பாலும் ஏட்டுச் சொல்லாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடு இருக்கிறது. கணவன் மனைவியிடம், ஆசிரியர் வளர்ந்த மாணவனிடம் சொல்வது. ஆகவே பழைய மொழிபெயர்ப்பைக் கேட்கும் நம் காதுக்கு, ஒரு தகப்பன் தோளுக்கு மேல் வளர்ந்த மகனிடம் பேசுகிற தொனி வரும். அது திட்டமிட்டு வந்ததல்ல, ஆனால் அழகாக விழுந்திருக்கிறது.

இந்த வகை நுணுக்கம் பார்த்து வாசிப்பதற்கு ஓர் ஆசான் நம் தீவுப்பகுதியிலேயே பிறந்தார். 1913 இல் கரம்பொனில் பிறந்த தனிநாயகம் அடிகள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்துக்காகவே நினைக்கப்படுகிறார். அவர் உரோமையில் எழுதிய ஆய்வு கார்த்தேஜ் நகரத்துப் புனித சிப்பிரியான் காலத்துக் குருக்களைப் பற்றியது. 1679 இல் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ் போர்த்துக்கேய அகராதியை 1966 இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தவரும் அவரே. திருச்சபைத் தந்தையரையும் பழந்தமிழ் அச்சையும் ஒரே ஒழுங்கோடு வாசித்தவர். சொல்லை அது நின்ற இடத்தில் வைத்துப் பார் என்பதே அவ்வகை வாசிப்பின் அளவுகோல்.

அந்த அளவுகோலோடு ஒரு கடல் காட்சியை எடுப்போம். சீடர்கள் இரவில் எதிர்க்காற்றில் தண்டு வலித்துக் களைக்கிறார்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குக் காற்றுக் காலத்தில் போனவருக்கு விளக்கம் தேவையில்லை. இயேசு நீர்மேல் நடந்து வருகிறார், வள்ளத்தில் ஏறுகிறார், காற்று அடங்குகிறது. மாற்குவில் சீடர்கள் மலைத்துப்போகிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, உள்ளம் மழுங்கியிருந்தது என்று அவர் கதையை முடித்துவிடுகிறார். மத்தேயுவில் அதே சீடர்கள் அதே வள்ளத்தில் பணிந்து, இறைமகன் என்று அறிக்கையிடுகிறார்கள். 1901 இல் விறேட என்ற ஜேர்மன் அறிஞர் மாற்குவில் இயேசுவின் அடையாளம் மறைத்து வைக்கப்படும் முறையை ஆராய்ந்ததிலிருந்து இந்த வேறுபாடு பல நூல்களுக்குத் தீனி போட்டுவிட்டது. மாற்குவுக்குத் தெரியாததை மத்தேயு இட்டுக்கட்டினார் என்பது ஒரு கட்சி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏனென்றால் இரு நூல்களிலும் இயேசு கடலில் நின்று சொல்லும் சொல் ஒன்றே. தமிழில் சொன்னால், நான்தான்.

இரவில் படலையடியில் சத்தம் கேட்டு ஆர் அது என்று கேட்டால், நம் ஆட்கள் பெயர் சொல்ல மாட்டார்கள். நான்தான் என்பார்கள். குரல் தெரிந்தவருக்கு அது போதும். மோசேயிடம் எரியும் முட்செடியிலிருந்து கடவுள் தம்மை அறிவித்த சொல்லும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இப்படித்தான் தொடங்குகிறது. கடலில் கேட்ட நான்தான் எது, படலையடி விடையா, முட்செடி விடையா? இரண்டாகவும் கேட்கும்படிதான் மாற்கு எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். யோவான் மறைப்பதில்லை. ஆபிரகாம் பிறக்குமுன்பே நான் என்று அவருடைய இயேசு சொல்ல, கல்லை எடுக்கிறார்கள். அதே யோவானில்தான் தந்தை என்னிலும் பெரியவர் என்ற கருத்தும் வருகிறது. தேவ தூஷணம் என்று குற்றஞ்சாட்டியவர்களுக்கு 82 ஆம் திருப்பாடலைக் காட்டி, மனிதரையே தேவர் என்று மறைநூல் அழைக்கவில்லையா என்று வாதாடுவதும் அங்கேதான். வீடு வீடாக வரும் யெகோவாவின் சாட்சிகள் இந்த வசனங்களைத்தான் காட்டுவார்கள். அவர்களைக் கண்டு படலையைச் சாத்துவதைவிட, யோவான் 10 ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதுமாக அவர்களோடு வாசிப்பது நல்லது. மனிதரைத் தேவர் என்றதைச் சொல்லி நழுவாமல், தந்தை என்னிலும் நான் தந்தையிலும் என்று முடிக்கிறார் இயேசு. உடனே மறுபடியும் பிடிக்க வருகிறார்கள்.

திருத்தூதர் பவுலைப் பற்றி இதுவரை சொல்லாமல் விட்டேன். அவர்தான் மஞ்சள் நீரை நம் பக்கம் ஊற்றியவர். உரோமையர் 8 ஆம் அதிகாரத்தில் அவர் எடுப்பது சுவிகாரச் சொல். பழைய தமிழில் புத்திர சுவிகாரம். தியோடோத்தஸ் இயேசுவுக்குக் கொடுத்ததைப் பவுல் நமக்குக் கொடுக்கிறார், முதுசத்தோடு சேர்த்து.

பெரிய வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கம் படிக்கும் ஊர்களில் ஒரு காட்சியைக் கவனிக்கலாம். சிலுவையடியில் தாய் கூப்பிடுவது மகனே என்றுதான். சற்று நேரத்தில் நூற்றுவர் தலைவன் வருகிறான். அகுஸ்து சீசரைத் தெய்வத்தின் மகன் என்று நாணயத்தில் அச்சடித்த அரசின் சம்பளக்காரன். அவன் செத்த மனிதனைப் பார்த்து அந்தப் பட்டத்தைச் சொல்கிறான். மாற்குவின் கிரேக்கத்தில் அந்த இடத்தில் சுட்டிடைச்சொல் இல்லை. கடவுளின் ஒரு மகன் என்றானா, கடவுளின் மகனே என்றானா என்று கிரேக்கம் படித்தவர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். தமிழிலும் அந்தச் சுட்டு இல்லை. இறைமகன் என்று படித்துவிட்டு, பிரசங்கம் படிக்கும் அண்ணாவியார் மூச்சு விடுகிறார். தாய் கூப்பிட்டதும் அவன் சொன்னதும் மகன் என்ற ஒரே சொல்தான்.